கட்டியும் சுண்ணாம்பும்

கால் வீங்கிய கதையை இந்தப் பக்கங்களில் எழுதுவது சில நண்பர்களுக்கு விநோதமாகப் படலாம். கவிதைக்கும் விமர்சனத்துக்குமே இடம் போதாத பத்திரிகையில் ரத்தக்குழாய்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஆனால் சென்ற மாதம் நம் வட்டத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், கவிதை எழுதுகிறவர், எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். அவருடைய தகப்பனாருக்கு இருதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பது ஸ்கானில் தெரிந்திருக்கிறது. முன்பே இரண்டு முறை காலில் ரத்தக் கட்டி வந்து, அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர். சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவிடலாம், எடுத்தபின் அந்த மாத்திரையும் வேண்டியதில்லை என்று ஓரிடத்தில் சொல்கிறார்களாம். 'நீங்கள் அனுபவஸ்தர். உங்கள் அபிப்பிராயம் என்ன?' என்று கேட்டிருந்தார். அன்றே இரண்டு வரியில் பதில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அந்த இரண்டு வரியை 2014-ல் வேறொருவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1

2009-ல் ஒரு சிறப்பிதழுக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள், பிரம்பு நாற்காலியில், இடது காலை மடித்துப்போட்டு உட்கார்ந்தபடி. சாப்பிடவும் மற்ற காரியங்களுக்கும் எழுந்ததோடு சரி. நான்காம் நாள் இரவு பஸ்ஸில் சென்னைக்கு. ஜன்னலோர இருக்கை, 12 மணி நேரம். அங்கே அச்சகத்தில் ஒரு பகல் முழுக்க மறுபடியும் நாற்காலி. அன்றிரவே திரும்பவும் பஸ். பாளையங்கோட்டையில் வந்து இறங்கியபோது இடது கெண்டைக்கால் கல்லுப்போல் இறுகியிருந்தது.

சுளுக்கு என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம். மனைவி நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள். தெருமுனையில் சுளுக்கு எடுக்கிறவர் வந்து முழங்காலிலிருந்து குதிகால்வரை அரைமணி நேரம் உருவிவிட்டார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். இரண்டு நாள் கழித்துக் கால் செம்பு நிறத்தில் மினுமினுக்க ஆரம்பித்தபின் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் இளம்பெண். என் காலின் மேல் பசையைத் தடவி, கருவியை வைத்து நகர்த்திக்கொண்டே திரையைக் காட்டினார். ரத்தம் ஓடும் இடங்கள் சிவப்பாகவும் நீலமாகவும் தெரிந்தன. முழங்காலுக்குப் பின்னால் ஓரிடத்தில் நிறமே இல்லை. "இந்த இடத்துல அமுக்கினா சிரை அப்படியே மூடிக்கணும், ஸார். மூடலை பாருங்க. உள்ளே அடைச்சிருக்கு" என்றார். பிறகு, "யாராவது உருவி விட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இனிமே யாரையும் காலைத் தொட விடாதீங்க."

ஏன் என்பதைப் பிறகு விளக்கினார். காலின் ஆழ்சிரையில் உறைந்த கட்டியின் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு கிளம்பினால் அது இருதயத்தின் வலதுபுறம் வழியாக நேரே நுரையீரலுக்குப் போய் அங்கே அடைத்துக்கொள்ளும். பெரிய துண்டாக இருந்தால் மனிதன் நாற்காலியிலிருந்து எழுந்து நாலடி வைப்பதற்குள் முடிந்துவிடும். சுளுக்கு எடுத்தவரும் நானும் சேர்ந்து அந்த அரைமணி நேரம் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

வயிற்றில் ஊசி போட்டார்கள். ஹெப்பாரின் வகை. ரத்தம் மேற்கொண்டு உறையாமல் தடுப்பது. அதைப் பன்றியின் குடலிலிருந்து எடுக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். பரம்பரைச் சைவன் வயிற்றுக்குள் அது ஒரு வாரம் போயிற்று. உயிருக்கு முன்னால் ஆசாரத்தின் குரல் எவ்வளவு தணிந்துவிடுகிறது என்பதைத் தவிர அதில் சொல்ல எதுவும் இல்லை. கூடவே மாத்திரை. "இது கட்டியைக் கரைச்சிடுமா?" என்று கேட்டேன். "கரைக்காது, ஸார். மேலே வளராமப் பாத்துக்கும். கரைக்கிறது உங்க உடம்போட வேலை. மெதுவாத்தான் நடக்கும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. மருந்து என்றால் நோயைப் போய்த் தாக்கும் ஒரு சக்தி என்றுதான் நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இது வெறும் காவல்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் நண்பர். அவரும் பெயரில்லாமலே இருக்கட்டும். நெல்லைக்காரர், தபால் இலாகாவில் வேலை பார்த்தவர், மூன்று கவிதைத் தொகுதிகள் போட்டவர் என்பது போதும். நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு, "என்ன வே, மூணு நாளா உக்காந்து எத்தனை தப்புக் கண்டுபிடிச்சீரு?" என்றார். பதினேழு என்றேன். "தப்பே இல்லாத இதழ் வந்து என்னத்துக்கு? படிக்க ஆள் இருக்க வேண்டாமா?"

2

படுத்திருந்த நாட்களில் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தன் உடம்பை விமர்சகன் படிக்கும் விதம் வேறாகத்தான் இருக்கும்போலிருக்கிறது. மூலபாடம் எங்கே என்று தேடப் போய்விடுகிறான்.

மூலபாடம் ருடால்ஃப் விர்ஹோ என்ற ஜெர்மானியருடையது. நுரையீரலில் கிடக்கும் கட்டி அங்கேயே உண்டானதல்ல, காலின் சிரையிலிருந்து பிரயாணம் செய்து வந்தது என்பதை 1840களில் பிணப் பரிசோதனைகள் மூலமும், நாய்களின் சிரைக்குள் ரப்பர் துண்டுகளைச் செலுத்திப் பார்த்தும் நிறுவியவர். உறைதலுக்கும் இப்படிப் பிரயாணம் செய்வதற்கும் மருத்துவ உலகம் இன்றும் வழங்கும் இரண்டு சொற்களும் அவர் கொடுத்தவை. ரத்தம் ஏன் உறைகிறது என்பதற்கு மூன்று காரணங்களை அவர் பெயராலேயே இன்று சொல்கிறார்கள். ஓட்டம் தேங்குவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தத்தின் குணமே மாறி உறையும் சுபாவம் மிகுவது. காலை மடித்துப்போட்டு உட்கார்ந்தவனுக்கு முதலாவது.

நமக்குச் சுவாரஸ்யமான இன்னொரு விஷயமும் உண்டு. விர்ஹோ எழுதிய கட்டுரைகளைப் பத்திரிகைகள் ஏற்கவில்லை. 1847-ல், 25 வயதில், நண்பர் பென்னோ ரைன்ஹார்ட்டுடன் சேர்ந்து தாமே ஒரு பத்திரிகை தொடங்கினார். ரைன்ஹார்ட் 1852-ல் இறந்துவிட்டார். பத்திரிகை இன்றும் விர்ஹோவின் பெயரைத் தாங்கி வந்துகொண்டிருக்கிறது. சிறுபத்திரிகைக்கு இவ்வளவு ஆயுள் வாய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1848-ல் மேல் சைலீஷியாவில் விஷஜுரம் பரவியபோது விசாரிக்கப் போன அதே மனிதர், பட்டினியும் அறியாமையும் ஆட்சியின் அலட்சியமும்தான் வியாதி என்ற தோரணையில் அறிக்கை எழுதி அரசாங்கத்தின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னவர். இதை அப்போது ரசித்துப் படித்தேன். என்னைப் பற்றியதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உட்காருவதைப் பற்றிய பாடம் லண்டனிலிருந்து வந்தது. 1940-ல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த இரவுகளில் ஜனங்கள் பதுங்கிடங்களில் கான்வாஸ் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் பின்புறத்தை இரவெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தது. குண்டுக்குத் தப்பியவர்களில் சிலர் காலையில் எழுந்து நடந்ததும் விழுந்து இறந்தார்கள். கீத் ஸிம்ப்ஸன் என்ற பிணப் பரிசோதகர் அவர்கள் நுரையீரலில் கட்டியைக் கண்டு அவ்வருஷமே 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். பதுங்கிடங்களில் படுக்க வசதி வேண்டும் என்பது அதிலிருந்து கிளம்பிய முடிவு. 1954-ல் ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க சர்ஜன் விமானம், மோட்டார், நாடகக் கொட்டகை என்று நெடுநேரம் உட்காரும் இடங்களையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தார்.

காரணம் மிக எளியது. காலிலிருந்து மேலே ஏற வேண்டிய ரத்தத்தைத் தள்ளுவதில் பெரும் பங்கு கெண்டைக்கால் சதையுடையது. நடக்கும்போது அது இறுகித் தளர்ந்து சிரையைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் கீழே வழியாமல் சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. இந்த வால்வுகளை 1603-ல் புத்தகமாகவே எழுதி விவரித்தவர் பாதுவா நகரத்து ஃபாப்ரீஷியஸ். அவருக்கு அவை எதற்கு என்பது சரியாக விளங்கவில்லை. அவரிடம் படித்த ஹார்வி 1628-ல் அதை விளங்கிக்கொண்டார். கட்டி வந்துபோன காலில் இந்த வால்வுகள்தான் முதலில் கெடுகின்றன. அதனால் இன்றும் சாயங்காலமானால் என் இடது கால் வலதைவிடப் பருமன். கணுக்கால் தோல் கறுத்துவிட்டது. இறுக்கமான காலுறை போடச் சொன்னார்கள். வீக்கத்துக்கு ஆறுதல்தான். ஆனால் இந்தப் பின்விளைவை அது தடுப்பதில்லை என்று 2014-ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையின் முடிவைப் படித்ததும், திருநெல்வேலி வெயிலில் அதைக் கழற்றிப்போட எனக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

தடுப்பு என்று கேட்டால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது. பஸ்ஸில் எழ முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தே கிடக்காமல் டாக்டர் சொன்ன அன்றே எழுந்துவிடுவது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுகிறவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகவே மருந்து கொடுக்கிறார்கள், அதை வேண்டாமென்று சொல்லாமலிருப்பது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் எண்ணெயைத் தேடாமல் ஸ்கானுக்குப் போவது. நம்முடையது உட்கார்ந்து செய்யும் தொழில். யாராவது நமக்குச் சொல்லத்தான் வேண்டும்.

3

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், நிறுத்தினார்கள். 2012-ல் இரண்டாவது கட்டி. இம்முறை ஒரு துண்டு நுரையீரலுக்கும் போயிருந்தது. மூச்சு விடும்போது விலாவில் கத்தி குத்தியது. பிழைத்தேன். இனி ஆயுளுக்கும் மாத்திரை என்றார்கள்.

இந்த மாத்திரையின் பூர்வீகம் மாட்டுக் கொட்டில். 1920களில் வட அமெரிக்காவின் சமவெளிகளில் மாடுகள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்தன. மெலிலோட் என்ற வாசனையுள்ள தீவனப்புல் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதைத் தின்ற மாட்டின் ரத்தம் உறையாமல் போகிறது என்று ஃப்ராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். கெட்ட தீவனத்தைப் போடாதே என்பதுதான் அப்போதைய சிகிச்சை. பஞ்ச காலத்துக் குடியானவன் வேறு எதைப் போடுவான்? 1933 பிப்ரவரியில் எட் கார்ல்ஸன் என்ற விஸ்கான்ஸின் விவசாயி செத்த கிடாரி ஒன்றையும், பால் கேனில் உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் மாடிஸன் நகருக்கு வந்து, திறந்திருந்த ஒரு கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவர் கார்ல் பால் லிங்க் என்ற ரசாயனப் பேராசிரியர். கார்ல்ஸனுக்கு அவரால் எந்த உதவியும் செய்ய முடியவில்லை. ஆனால் 1939-ல் அவருடைய ஆய்வுச்சாலையில் அந்த விஷம் படிகமாகக் கிடைத்தது. அதன் வம்சத்தில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி பாஷாணமாகக் கடைக்கு வந்தது. 1951-ல் அதைத் தின்று சாகப் பார்த்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் வைட்டமின் 'கே' கொடுத்ததில் பிழைத்துக்கொண்டான். மனிதனுக்கும் கொடுக்கலாம் என்ற தைரியம் பிறந்தது. 1954-ல் மருந்தாக அங்கீகாரம் கிடைத்தது. அடுத்த வருஷம் மாரடைப்பு கண்ட ஐஸனோவருக்கே கொடுத்தார்கள்.

நான் சாப்பிட்டது இதன் தம்பி, அசெனோகுமரால். நம் ஊரில் அதிகம் எழுதிக்கொடுப்பது அதைத்தான். 2011-ல் நண்பரும் இந்த மருந்துக் கும்பலுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குக் காலில் கட்டி இல்லை. இருதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு. அப்படித் துடிக்கும்போது அறையின் ஒரு மூலையில் ரத்தம் தேங்கி உறைந்து, அங்கிருந்து மூளைக்குப் போய்விடலாம். அதைத் தடுக்க மாத்திரை. "நாம ரெண்டு பேரும் எலி மருந்து கோஷ்டி வே" என்பார். மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்தே ரத்தப் பரிசோதனைக்குப் போவோம். ஐ.என்.ஆர். என்ற அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீழே போனால் கட்டி, மேலே போனால் கசிவு. முடிவு வரும்வரை எதிர்க்கடையில் காப்பி குடித்துக்கொண்டு மற்றவர்களுடைய கவிதைகளைப் பற்றிப் பேசுவோம்.

இந்த எண் எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்பது ஒரு குடும்பச் சண்டைக்கு வேண்டிய சகல அம்சங்களும் கொண்டது. கீரையில் வைட்டமின் 'கே' இருக்கிறது, அது மாத்திரைக்கு எதிரி. கீரையே கூடாது என்று மனைவி நிறுத்திவிட்டாள். ஒரு வருஷம் கழித்து டாக்டரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "சாப்பிடுங்க. ஆனா வாராவாரம் அதே அளவு. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லைன்னு வெச்சுக்காதீங்க." நிறுத்துவதைவிடச் சீராக இருப்பதுதான் கடினம் என்பது அன்றுதான் வீட்டில் புரிந்தது. ஒருமுறை பல்வலிக்கு வேறொரு இடத்தில் மெட்ரோனிடஸோல் வாங்கிச் சாப்பிட்டேன். இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆறாம் நாள் ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. எண் 6-ஐத் தாண்டியிருந்தது.

4

பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் குழாய்க்கு நீல மூடி. உள்ளே கொஞ்சம் ஸிட்ரேட் திரவம் இருக்கும். அது எதற்கு என்று ஒருநாள் ரத்தம் எடுக்கும் பையனிடம் கேட்டேன். "ரத்தத்துல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், ஸார். கால்சியம் இல்லேன்னா உறையாது. அப்புறம் மெஷின்ல திரும்பக் கால்சியம் போட்டு, உறைய எத்தனை செகண்டு ஆகுதுன்னு எண்ணுவோம்."

எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. ரத்தம் உறையச் சுண்ணாம்பு வேண்டும் என்பது 1890-லேயே தெரிந்த விஷயம். வைட்டமின் 'கே'யின் வேலையே, உறைவிக்கும் புரதங்களுக்குக் கால்சியத்தைப் பற்றிக்கொள்ள ஒரு கொக்கி மாட்டிக்கொடுப்பதுதான். மாத்திரை அந்தக் கொக்கியை மாட்டவிடாமல் செய்கிறது. இதுவரை சரி. ஆனால் இதே கொக்கி வேண்டிய இன்னொரு புரதம் ரத்தக்குழாயின் சுவரில் இருக்கிறது. அதன் உத்தியோகம் நேர்மாறானது. சுவரில் சுண்ணாம்பு படியாமல் பார்த்துக்கொள்வது. 1997-ல் இந்தப் புரதம் இல்லாமல் பிறக்கும்படி செய்யப்பட்ட எலிக்குஞ்சுகள் இரண்டு மாதத்துக்குள், மகாதமனியே சுண்ணாம்பாக இறுகி வெடித்துச் செத்தன. ஆக, கட்டியைத் தடுக்கும் மாத்திரை, சுண்ணாம்பைத் தடுக்கும் காவலாளியின் கையையும் கட்டிப்போடுகிறது. வார்ஃபரின் வகை மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர்களின் தமனிகளில் சுண்ணாம்பு கூடுதலாகத் தென்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

இதை டாக்டரிடம் கொண்டுபோனேன். குற்றம் கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தோடுதான் போனேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "உண்மைதான், ஸார். ஆனா கட்டி இன்னிக்கு ராத்திரி கொல்லும். சுண்ணாம்பு இருபது வருஷம் எடுத்துக்கும். எதை முதல்ல பாக்கணும்?"

சிரையில் படியும் சுண்ணாம்பு வேறு ரகம். 2013-ல் விலாப்பக்கம் வலித்து, சிறுநீரகக் கல்லோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பின் உட்குழியில் மிளகு மிளகாக நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். கல் என்று பயந்தேன். கல்தான், ஆனால் சிரைக்குள் இருக்கும் கல். எப்போதோ சின்ன சிரையில் உறைந்து, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், காலப்போக்கில் சுண்ணாம்பேறி உருண்டுபோன கட்டிகள். நடுவயதைத் தாண்டிய பலருடைய படத்திலும் இருக்குமாம். சிகிச்சை கிடையாது, தேவையும் கிடையாது. எனக்குக் கட்டி வந்தது 2009-ல் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். உடம்பு அதற்கு முன்பே என்னிடம் சொல்லாமல் சிலவற்றைக் கட்டிக் கரையேற்றிவிட்டு அடையாளத்தை மட்டும் வைத்திருந்தது.

தமனிச் சுண்ணாம்பும் பெரும்பாலும் இப்படித்தான், பழைய சேதத்தின் வடு. கொழுப்புப் படிந்து, அழற்சி கண்டு, ஆறும் முயற்சியில் சுண்ணாம்பு வந்து உட்காருகிறது. மாரடைப்பைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் குறைகிறது, ஆனால் ஸ்கானில் சுண்ணாம்பு கூடுகிறது. மெத்தென்று வெடிக்கக் காத்திருந்தது கெட்டிப்பட்டு அடங்குகிறது என்று இதற்கு விளக்கம். அப்படியானால், கண்ணுக்குத் தெரியும் வெள்ளையைச் சுரண்டி எடுப்பது நோயை எடுப்பதாகுமா? இந்தக் கேள்வி 2014-ல் எனக்குத் தெளிவாகவே இருந்தது.

5

நண்பரைப் பற்றிச் சொல்வதற்கு 1983-க்குப் போக வேண்டும். அவருடைய முதல் தொகுதிக்கு நான் மதிப்புரை எழுதினேன். அப்போது எனக்கு 28 வயது. நிர்தாட்சண்யம்தான் விமர்சனத்தின் முதல் தகுதி என்று நம்பிய காலம். ஒரு கவிதையில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல் பொய் என்று இரண்டு பக்கம் வாதாடியிருந்தேன். ஒன்பது வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. 1992-ல் பொது நண்பர் ஒருவரின் சாவு வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது, "நீரு சொன்னது சரிதான் வே, ஆனா சொன்ன தோரணை சரியில்ல" என்றார். அதோடு முடிந்தது. அதன்பின் அவரைப் போல எனக்கு நெருங்கியவர் யாரும் இல்லை. அவர் கவிதைகளைப் பற்றி நான் எழுதவும் இல்லை.

2014-ல் ஒரு சாயங்காலம் வந்தார். இருதய ஸ்கான் எடுத்துக்கொண்டிருக்கிறார். "என் மார்க்கு 640 வே. நூத்துக்கு இல்ல." சுண்ணாம்புக்கு மதிப்பெண் போடும் வழக்கம் 1990-லிருந்து இருக்கிறது. 400-க்கு மேல் என்றால் மிக அதிகம். அவர் பயந்திருந்தார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் தெரிந்தது. கையில் ஒரு பிரசுரம். சொட்டு மருந்தாக நரம்பில் ஏற்றினால் சுண்ணாம்பைக் கரைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும், முப்பது தடவை ஏற்ற வேண்டும், அமெரிக்காவிலேயே பரிசோதித்து நிரூபித்தாயிற்று என்று அச்சிட்டிருந்தது. மருந்தின் பெயர் ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கவ்விப்பிடிப்பது. ஈயம் உடம்பில் ஏறியவர்களுக்கு அந்தக் குடும்பத்து மருந்தைக் கொடுப்பது உண்டு. அந்த இடத்தில் ஒருவர், இதை ஏற்றிக்கொள்கிறவர் ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாம், அதுதான் சுண்ணாம்புக்கே காரணம் என்றும் சொல்லியிருக்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்தில் பாதி உண்மை இருந்ததுதான் கொடுமை. அந்தப் பாதியை நானே அவரிடம் காப்பிக் கடையில் சுவாரஸ்யமாக விளக்கியிருந்தேன்.

அந்த அமெரிக்கப் பரிசோதனையை நான் படித்திருந்தேன். 2013-ல் வெளியானது, 1708 பேரை வைத்து நடத்தியது. எல்லோரும் ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்கள். பலன் சிறிது தெரிந்தது. ஆனால் சுண்ணாம்பு கரைந்ததாக அது காட்டவில்லை. முக்கியமாக, அதில் இருந்தவர்கள் தங்கள் வழக்கமான மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டேதான் இதையும் ஏற்றிக்கொண்டார்கள். (பிற்பாடு, சர்க்கரை வியாதியும் மாரடைப்பும் உள்ள சுமார் ஆயிரம் பேரிடம் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தச் சிறிய பலனும் தென்படவில்லை. அது 2024-ல் வெளிவந்தது.) எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய மாத்திரைக்கும் சுண்ணாம்புக்கும் சம்பந்தமே இல்லை. அது தாளம் தப்பிய இருதயத்துக்காக. 640 என்ற எண் பூஜ்யமானாலும் அந்த மூலையில் ரத்தம் தேங்கத்தான் செய்யும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். பிரசுரத்தை இரண்டு பக்கமும் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தேன்.

"நீரு என்ன சொல்லுதீரு?" என்றார்.

அவர் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. ஏதோ செய்யப்போகிறோம் என்ற தெளிவு. அதை நான் கலைக்க வேண்டுமா என்று யோசித்தேன். 1983 ஞாபகம் வந்தது. பெரிய மனிதர், படித்தவர், அவருக்குத் தெரியாதா என்றும் சொல்லிக்கொண்டேன். சொல்லுவதற்கு ஒரு நல்ல தோரணை அகப்படவில்லை.

"சரி" என்றேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் எழுந்தபோது வலது கை எழவில்லை. பேச்சும் இல்லை. உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. அடைப்பு ஏற்பட்டு நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் எப்போது நேர்ந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியாததால் போட முடியவில்லை. மேற்கொண்டு மூன்று வருஷம் இருந்தார். இருந்த மூன்று வருஷமும் அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே சொல். பசித்தாலும், கோபம் வந்தாலும், என்னைப் பார்த்தாலும், "சரி... சரி" என்பார். மூளையின் இடதுபுறம் அடிபட்டவர்களுக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடுவது உண்டு என்றும், எந்தச் சொல் தங்கும் என்பதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது என்றும் டாக்டர் சொன்னார். நானும் அர்த்தம் கற்பிக்கவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவர் மனைவி ஒருநாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் நிறுத்துனேன்னு சொன்னாங்க, அண்ணாச்சி" என்றார்கள். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. தன் கணவர் அவசரப்பட்டு எதையும் செய்கிறவரில்லை, யோசித்து, தெரிந்தவரிடம் கேட்டுத்தான் செய்தார் என்று அவருக்காகப் பரிந்து பேசும் குரலில் சொன்னார்கள். காப்பியைக் குடித்து முடித்தேன்.

6

ஒரு கவிதையில் ஒரு சொல் பொய் என்பதற்கு இரண்டு பக்கம் எழுதியவன், ஓர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லவில்லை. மாத்திரையைச் சாப்பிட்டிருந்தாலும் அவருக்கு அது நேர்ந்திருக்கலாம், அந்த மாத்திரை அபாயத்தை மூன்றில் இரண்டு பங்குதான் குறைக்கிறது, முழுக்க இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. உண்மைதான். மூன்றில் இரண்டு பங்கு கொஞ்சமல்ல என்பதும் உண்மை.

என் விஷயம் சுருக்கமானது. 2022-ல் எனக்கும் இருதய ஸ்கான் எடுத்தார்கள். சுண்ணாம்பு இருக்கிறது. மாத்திரையின் உபயமா, வயதின் உபயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர், இப்போது அவருக்கும் நரைத்துவிட்டது. அபிக்ஸபான் என்ற புதிய மாத்திரைக்கு மாற்றினார். அதற்கும் வைட்டமின் 'கே'க்கும் தொடர்பில்லை. மாதாமாதம் ஊசியில்லை, கீரைக்குக் கணக்கில்லை. ஸ்டாடினும் சாப்பிடுகிறேன். இருக்கிற சுண்ணாம்பு இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. வைட்டமின் 'கே' மாத்திரையே சாப்பிட்டால் சுண்ணாம்பு குறையுமென்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. டென்மார்க்கில் இருதய வால்வில் சுண்ணாம்பு படிந்த 365 ஆண்களிடம் இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். படிவது நிற்கவில்லை. 2022-ல் வெளியான முடிவு. படிந்ததை எடுத்துவிடும் மருந்து எதுவும் இதுவரை கைக்கு வரவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலை இந்த நான்கையும் கட்டுக்குள் வைப்பது என்ற உப்புச் சப்பில்லாத பதில்தான் இருக்கிறது.

அந்த இளைஞருக்கு நான் எழுதிய இரண்டு வரி: 'வேண்டாம். மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்த வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.'

அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கோபித்துக்கொண்டிருக்கலாம். தோரணை சரியில்லாமல் போயிருக்கலாம். இந்த இதழ் வெளிவருவதற்குள் பதில் வராவிட்டால் நேரில் போவதாக இருக்கிறேன். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நடுவில் இரண்டு இடத்தில் இறங்கி நடக்க வேண்டும்.